செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்: தோல் புற்றுநோயும் காசும் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பார்மசியில் 22 வருடமாக நிற்கிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் டொக்டரிடம் போக முன்னர் பாதிப் பேர் வந்து நிற்பது எங்கள் கவுண்டருக்கு முன்னால்தான். "இதுக்கு என்ன பூசலாம்?" என்று கையை நீட்டுவார்கள், சேட்டைத் தூக்குவார்கள். சிலர் காலையே கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைக்கப் பார்ப்பார்கள். தோல் புற்றுநோய் பற்றி அவர்கள் கேட்டவை, கேட்கத் தெரியாமல் விட்டவை இரண்டும் இங்கே இருக்கின்றன. நடுவில் நான் விட்ட பிழை ஒன்றும் வருகிறது.

எங்களுடையது கறுத்த தோல். இது வெள்ளைக்காரர்களின் நோய்தானே?

பெரும்பாலும் அவர்களுக்குத்தான் வருகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை ஓரளவு தடுத்துவிடுகிறது. தோல் புற்றுநோய்களில் ஆளைக் கொல்லக்கூடியது மெலனோமா. அமெரிக்கக் கணக்கில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு அது 20 மடங்குக்கு மேல் குறைவு. இலங்கையிலும் ஆண்களுக்கு வாய்ப் புற்று, பெண்களுக்கு மார்பகப் புற்று என்பவைதான் முன்னுக்கு நிற்கின்றன. தோல் பின்வரிசையில்தான்.

ஆனால் வந்த பிறகு கதை தலைகீழ். அதே அமெரிக்காவில், மெலனோமா என்று தெரிந்து 5 வருடம் தாண்டி உயிரோடு இருப்பவர்கள் வெள்ளையரில் 100க்கு 90க்கு மேல். கறுப்பினத்தவரில் 70 அளவில். நோயின் வகை கொஞ்சம் வேறு என்பதும் இதற்கு ஒரு காரணம். பெரிய காரணம், பிந்திக் கண்டுபிடிப்பது. "எங்களுக்கு வராது" என்று நோயாளி நினைக்கிறார். டொக்டரும் அப்படியே நினைக்கிறார். மருத்துவப் புத்தகங்களில் தோல் நோய்ப் படங்கள் நெடுங்காலமாக வெள்ளைத் தோலிலேயே அச்சானவை. சிவந்த தோலில் பளிச்சென்று தெரிவது மாநிறத்தில் எப்படித் தெரியும் என்று கண்ணுக்குப் பழக்கமில்லை.

கொழும்பில் த்ரீவீலுக்குப் பின்னால் பொப் மார்லி ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதருக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்துக்குக் கீழே ஒரு புண். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். மெலனோமா. 1981 மே மாதம் இறந்துபோனார், 36 வயது. இவ்வளவு பேருக்கு முகம் தெரிந்த ஒருவர் எதனால் போனார் என்று அந்த ஸ்டிக்கர் ஒட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன், பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

அப்படியென்றால் உடம்பில் எங்கே பார்க்க வேண்டும்?

வெயில் படாத இடத்தில். அதுதான் இதில் உள்ள வேடிக்கை. கறுத்த, மாநிறத் தோல்காரருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி ஆகிய இடங்களில்தான் வருகிறது. கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். எங்கள் நிறக்காரர் பலருக்கு அது இயல்பு, அதிலும் நாலைந்து நகத்தில் ஒரே மாதிரி இருந்தால். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, மாதக்கணக்கில் அகலமாகி, கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரச் சதையிலும் கசிந்த மாதிரித் தெரிந்தால் அது வேறு. உள்ளங்காலில் ஓரம் ஒழுங்கில்லாமல் பரவும் கறுப்பு அல்லது மண்ணிறத் திட்டு, இரத்தம் கசியும் இடம், ஆறாத புண் எல்லாம் காட்ட வேண்டியவை. முகத்தில், அதிலும் மூக்கு, கண் பக்கத்தில், மினுமினுப்பான ஓரத்தோடு மெல்ல வளரும் கறுத்தப் பருவை மச்சம் என்று விட்டுவிடுவார்கள். அது அடித்தளக் கலப் புற்றாக இருக்கலாம். ஆளைக் கொல்வது மிக அரிது, ஆனால் விட்டால் மூக்கைத் தின்றுவிடும். மூன்றாவது வகை செதிள் கலப் புற்று. அது பழைய தழும்பிலும் வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கால் ஆணியா வேறா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் என் பிழை.

ஆமர் வீதிப் பக்கம் நாட்டாமி வேலை செய்த ஒரு அண்ணன் எங்களிடம்தான் மருந்து வாங்குவார். ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்து, 16 வயதில் கொழும்புக்கு வந்து, 30 வருடமாக மூட்டை தூக்கியவர். "தம்பி, அந்த ஆணி பிளாஸ்டரு ஒன்னு குடுங்க." நான் கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தார், கொடுத்தேன். நாலு மாதம். அந்தப் பிளாஸ்டரில் இருப்பது சலிசிலிக் அமிலம். தடித்த தோலை அரிக்கும், அவ்வளவுதான். அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஏனென்றால் நான் ஒரு நாளும் அவருடைய காலைப் பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் செருப்பில் இரத்தம் ஊறியிருந்ததைக் கண்டுதான் கழற்றச் சொன்னேன். குதிகாலில் ஒரு ரூபாய்க் குற்றியைவிடப் பெரிய திட்டு. நடுவில் கரிக்கறுப்பு, ஓரத்தில் தேயிலைச் சாயம் கொட்டிய மாதிரி. ஒரு பக்கம் சிவந்து பிதுங்கிய சதை. ஆணி அப்படி இருக்காது.

சாதாரண ஆணி தோல் நிறத்திலோ மஞ்சளாகவோ தடித்திருக்கும், நடுவில் அழுத்தினால் நோகும், அடியில் நிறம் பரவாது. நிறம் இருந்தால், இரத்தம் வந்தால், ஆறு வாரத்தில் மாறாவிட்டால் பிளாஸ்டர் வாங்க வராதீர்கள். வந்தாலும் நான் இப்போது தரமாட்டேன்.

இன்னொன்று, சீனி வருத்தம். கொழும்பில் அது இல்லாத வீடு குறைவு. காலில் புண் என்றதும் "சீனிப் புண்" என்று மருந்து கட்டிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் சீனிப் புண்ணாகவே இருக்கலாம். மாதக்கணக்கில் ஆறாவிட்டால் "ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பீங்களா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. கோபிக்கட்டுமே.

ஏழை, பணக்காரர் என்று நோய் பார்த்தா வருகிறது?

வருவதில் ஒரு விசித்திரம் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெலனோமா அதிகம் பதிவாவது வசதியானவர்களிடம். கடற்கரைக்கு விடுமுறை போகிறார்கள், உடம்பைக் காட்டிப் பரிசோதிக்கிறார்கள். ஆனால் வந்தவர்களில் அதிகம் சாவது வசதி குறைந்தவர்கள். அவர்கள் வரும்போது கட்டி தடித்துவிட்டிருக்கும். அமெரிக்காவில் காப்புறுதி இல்லாதவர்கள் பிந்திய கட்டத்தில் வருவது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம்.

வேலையால் வரும் தோல் புற்று என்று எடுத்தால் கதை இன்னும் பழையது. 1775இல் லண்டனில் பெர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், புகைபோக்கி துப்புரவாக்கும் ஆட்களின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுக்குக் காரணம் புகைக்கரி என்று எழுதினார். சின்னப் பையன்களாக இருக்கும்போதே ஏழை வீடுகளில் இருந்து அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று முதன்முதலில் எழுதப்பட்டது அதுதான், அதுவும் தோல் புற்றுநோய்தான்.

இன்றைக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதால் வருகிறது. 2019 ஒரு வருடத்தில் மட்டும் 19,000 பேரளவில். பெரும்பான்மை ஆண்கள். வீதி போடுகிறவர், கட்டடம் கட்டுகிறவர், மீனவர், வயலில் நிற்பவர். எங்கள் நிறம் அவர்களில் பலரைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. எல்லோரையும் அல்ல.

சின்ன வயதில் குப்பி விளக்கு விழுந்து சுட்ட தழும்பு. இப்போது அதில் புண். பயப்பட வேண்டுமா?

காட்ட வேண்டும், இந்தக் கிழமையே. இதை ஒரு பெண் என்னிடம் பேர்ன் கிரீம் கேட்டு வந்தபோது கேட்டார். கேட்டதே பெரிய விஷயம்.

பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் செதிள் கலப் புற்று வரலாம். 1828இல் இப்படியான தழும்புப் புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் அதை மார்ஜொலின் புண் என்கிறார்கள். சுட்டதற்கும் புற்று வருவதற்கும் இடையில் சராசரியாக 30 வருடமளவு போகும். சாதாரண செதிள் கலப் புற்றைவிட இது பரவும் வாய்ப்பும் கூட. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தழும்பு வெடித்து ஆறாமல் இருப்பது, ஓரம் தடித்து மேலெழுவது, மணம் வருவது, தொட்டால் இரத்தம் வருவது எல்லாம் அடையாளம்.

இதில் காசு எங்கே வருகிறது? எந்த வீட்டில் குப்பி விளக்கு எரிந்தது என்று யோசியுங்கள். கரண்ட் இல்லாத லயத்திலும், சேரித் தோட்டங்களிலும், வெறும் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் எரித்தார்கள். தட்டுப்பட்டால் உருண்டு கவிழும், மூடி கழன்று எண்ணெய் உடம்பில் கொட்டும். இந்தக் காயங்களைத் தொடர்ந்து பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழ்ந்தாலும் உருளாத தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் உள்ள குட்டையான கண்ணாடி விளக்கு ஒன்றை உருவாக்கி, 1990களில் மலிவு விலையில் பரப்பினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. அந்த விளக்கு வர முன்னர் சுட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு இப்போது 40, 50 வயது. 30 வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அன்றைய வறுமை இப்போது தோலில் வந்து நிற்கிறது. தழும்பை மறைத்தே வாழ்ந்து பழகிய பெண்கள் டொக்டருக்கும் அதை மறைக்கிறார்கள்.

சேலைக் கட்டு, வேட்டிக் கட்டு இறுக்கமாக இருந்தால் புற்று வருமா?

மிக மிக அரிது, ஆனால் கட்டுக்கதை இல்லை. இந்தியாவில் 1945இலேயே வேட்டிப் புற்று என்று எழுதியிருக்கிறார்கள், பிறகு சேலைப் புற்றும். பாவாடை நாடா ஒரே இடத்தில் வருடக்கணக்கில் உரசித் தோல் வெடித்து ஆறாமல் கிடந்தால் ஆபத்து. நாடாவைக் கொஞ்சம் அகலமாகப் போடுங்கள், சரி, அவ்வளவுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். பிறகு எதற்கு காசுக் கணக்கு?

அந்த அண்ணனின் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். ஓ.பி.டி.யில் ஒரு நாள். தோல் கிளினிக்கில் ஒரு நாள். பயொப்சிக்கு, அதாவது துண்டு எடுத்துப் பார்க்க, கொடுத்த திகதியில் ஒரு நாள். தையல் பிரிக்க ஒரு நாள். ரிப்போட் எடுக்கப் போய் "இன்னும் வரல்ல" என்று திரும்பியது இரண்டு நாள். மூன்றாவது தடவைதான் கிடைத்தது. சத்திரசிகிச்சைக் கிளினிக் ஒரு நாள். ஸ்கேன் ஒரு நாள். மொத்தம் ஒன்பது. எல்லாம் விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுக்கப் போய், மத்தியானம் கழிந்து வெளியே வரும் நாட்கள். யாரும் அவரிடம் ஐந்து சதம் கேட்கவில்லை. ஆனால் நாட்டாமிக்கு மாதச் சம்பளமோ லீவோ கிடையாது, தூக்கிய மூட்டைக்குத்தான் கூலி. ஒன்பது நாட்கூலி, பஸ் காசு, தேத்தண்ணி. நடுவில் ஆஸ்பத்திரியில் இல்லை என்று வெளியே எழுதிக் கொடுத்த அன்டிபயோட்டிக்கும் கட்டுத்துணியும். அதை எங்களிடம்தான் வாங்கினார், கடனுக்கு.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே உள்ளவர்களும் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு மாரடிப்பவர்கள்தான். 2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டதும், அதற்குப் பிறகு டொக்டர்மார் கூட்டமாக வெளிநாடு போனதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ரிப்போட் ஏழு வாரம் எங்கே கிடந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அண்ணன் வரிசையில் நின்ற அதே வருடம் வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ரீச்சருக்கு மூக்கில் கறுத்தப் பரு. மகன் டொரொன்டோவில். போனில் படம் பார்த்துவிட்டு அன்றைக்கே சனல் பண்ணினார், அதாவது தனியாரில் காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுத்தார். திங்கள் பின்னேரம் டொக்டர், வியாழன் பயொப்சி, அடுத்த கிழமை ரிப்போட், மூன்றாவது கிழமை வெட்டி எடுத்தாகிவிட்டது. அடித்தளக் கலப் புற்று, மெல்ல நகரும் வகை. ஆறு மாதம் பிந்தியிருந்தாலும் அவருடைய உயிருக்கு ஒன்றும் ஆகியிராது. கொல்லக்கூடிய வகை வந்தவருக்கு என்னிடம் நாலு மாதம், வரிசையில் ஐந்து மாதம். ரீச்சர் நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணக்கைத்தான் சொல்கிறேன்.

தனியாரில் சனல் பண்ணுவது நல்லதா?

முழுச் சிகிச்சையும் அங்கே என்றால், கையில் காப்புறுதியோ வெளிநாட்டுப் பிள்ளையோ இல்லாதவர் நகையை அடகு வைப்பார். அது வேண்டாம். ஆனால் ஒரே ஒரு தடவை, சந்தேகத்தைத் தீர்க்க மட்டும், தோல் நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணுவது பல நேரம் மாதங்களை மிச்சப்படுத்தும். சில ஆயிரம் ரூபாய் போகும். அரசாங்க நிபுணர்கள் பலர் பின்னேரத்தில் தனியாரில் இருப்பவர்கள்தான். "டொக்டர், உங்க கவர்மன்ட் கிளினிக் எந்த நாள்? ஒரு கடிதம் தருவீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பலர் தருவார்கள்.

இது நியாயமா என்றால் இல்லை. சில ஆயிரம் வைத்திருப்பவர் வரிசையில் முன்னுக்குப் போகிறார், இல்லாதவர் பின்னுக்கு நிற்கிறார். தெரிந்தும் இந்த வழியைச் சொல்கிறேன், ஏனென்றால் மெலனோமா நியாயத்துக்குக் காத்திருக்காது.

ரிப்போட் கையில் இருக்கிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கும், கிளினிக்கில் பேச்சு சிங்களத்தில் நடக்கும், வீட்டில் விளங்கப்படுத்த வேண்டியது தமிழில். மூன்று பாஷையைக் கடக்கும்போது பாதி கொட்டிவிடும். ஆகவே மூன்று கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வகை? மெலனோமா என்றால் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு? வெட்டிய ஓரம் சுத்தமா?

தடிப்புத்தான் உயிர்க்கணக்கு. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் நிபுணர் காட்டிய வழி அது, இன்றும் மாறவில்லை. 1 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் பெரும்பாலும் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும். கூடக்கூடக் கதை நீளும், காலில் வந்தது என்றால் அரையில் நெறிகட்டும் இடத்தையும் (நிணநீர்க் கணுக்களை) பார்ப்பார்கள். அந்த அண்ணனுடையது 4.5.

எனக்குச் சிங்களம் வராது. என்ன செய்வது?

அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, நாட்டாமி வேலைக்கு அது இல்லாமல் முடியாது. தடுமாறியது தோட்டத்திலிருந்து வந்து அவரோடு நின்ற அக்காதான். வார்டில் "பிலிகா" என்றார்கள். சிங்களத்தில் புற்றுநோய் என்று அர்த்தம். அக்கா அதை மருந்தின் பெயர் என்று நினைத்து, பார்மசிக்கு வந்து என்னிடம் "பிலிகா இருக்கா?" என்று கேட்டார். அதற்கு எப்படிப் பதில் சொல்வது, சொல்லுங்கள்.

1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழிதான். சட்டம் சட்டமாக இருக்கட்டும், நீங்கள் மூன்று வேலை செய்யுங்கள். ஓரளவு சிங்களம் பேசும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆள் இல்லாவிட்டால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) தமிழ் தெரிந்த டொக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள், அநேகமாக ஒருவர் இருப்பார். மூன்றாவது, எது சொன்னாலும் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தை வெளியே யாரிடமும் காட்டலாம், காதில் விழுந்ததைக் காட்ட முடியாது.

கத்தி பட்டால் புற்று பரவும் என்கிறார்களே?

பயொப்சி எடுத்ததால் தோல் புற்று பரவுவதில்லை. பிந்தி வெட்டி, பிறகு ஆள் மோசமானதைக் கண்டவர்கள் கத்தியைக் குற்றம் சொன்னார்கள், அந்தப் பேச்சுத்தான் இன்னும் சுற்றுகிறது. கூலி வேலைக்காரருக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு: வெட்டாவிட்டால் நாளை வேலைக்குப் போகலாம்.

பச்சிலை, எண்ணெய் பூசுவதைப் பற்றியும் கேட்பார்கள். வலிக்கு, மன ஆறுதலுக்கு என்றால் உங்கள் விருப்பம். ஆனால் துண்டு எடுத்து என்னவென்று தெரிந்த பிறகு. அதற்கு முன் அரைத்துப் பூசுவதும் நான் பிளாஸ்டர் விற்றதும் ஒன்றுதான்.

மகரகமவுக்கு அனுப்பினால் முடிந்தது என்றா அர்த்தம்?

இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று விளங்குகிறது. "மகரகம" என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே நோயைச் சொன்ன மாதிரி. அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர், சிங்களத்தில் நம்பிக்கை என்று பொருள். பெயர் மாறியும் பேச்சு மாறவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசும் வீடுகளில் 138 பஸ்ஸில் ஏறுவதையே மறைக்கிறார்கள். "நுகேகொடைக்கு ஒரு அலுவலாப் போறன்" என்பார்கள். அதே பஸ்தான், இன்னும் கொஞ்சத் தூரம். அங்குள்ள பெட் ஸ்கேன் இயந்திரம் பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த காசில் வந்தது. அதற்குக் கை நீட்டிக் கொடுத்தவர்களில் கூலிக்காரர்களும் இருந்தார்கள்.

வடக்கில் தெல்லிப்பழையிலும், கிழக்கில் மட்டக்களப்பிலும், மலையகத்தார் போகக்கூடிய கண்டி, பதுளையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது. சொந்தங்கள் அங்கே இருந்தால் தொடர் சிகிச்சையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கொழும்பில் வாடகை அறை எடுத்துத் தங்குவதைவிட அது பலருக்கு லாபம்.

வெளிநாட்டில் புது மருந்து இருக்கிறதாம். எங்களுக்குக் கிடைக்குமா?

நிவொலுமாப், பெம்ப்ரொலிசுமாப் என்ற இரண்டையும்தான் சொல்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டவிழ்த்துவிடும் மருந்துகள். பரவிய மெலனோமாவில் பலரைக் காப்பாற்றியவை. 2019இல் உலக சுகாதார நிறுவனமே அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் ஒரு வருடச் சிகிச்சையின் பட்டியல் விலை 1 இலட்சம் டொலருக்கு மேல். பட்டியலில் பெயர் ஏறுவது ஒன்று, எங்கள் வார்டில் போத்தல் இருப்பது வேறொன்று.

வீட்டை விற்க முன்னர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. உள்ளங்கால், நக வகை மெலனோமாவுக்கு இந்த மருந்துகள் வெயிலால் வந்த வகைக்குப் போல் நன்றாக வேலை செய்வதில்லை. புற்றுநோய் நிபுணரிடம் "இவருக்கு, இந்த வகைக்கு, எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்ட பிறகு முடிவு எடுங்கள்.

பண உதவி எங்கே?

ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வருமான வரம்பு பார்ப்பார்கள். சிகிச்சைக்குக் காசு கட்ட முன்னரே விசாரியுங்கள். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் கிடைக்காதவர் கிராம உத்தியோகத்தரிடம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அரசாங்க ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதி இருப்பதை மறந்துவிடாதீர்கள். மருந்தை முதலில் அரசாங்கப் பார்மசியான ஒசுசலவில் கேளுங்கள், பிறகு எங்களிடம் வாருங்கள். முதலாளி இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

சன்ஸ்கிரீன் வாங்கவா?

நல்லதொரு குப்பி ஒரு நாட்கூலியை விழுங்கிவிடும். ஆகவே நேர்மையாகச் சொல்கிறேன்: மாநிற, கறுத்த தோல்காரருக்கு அது மெலனோமாவைத் தடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. உள்ளங்காலுக்கு வெயிலே படாது. கருந்திட்டுகள் கூடாமல் இருக்க உதவும், வேண்டுமானால் வாங்குங்கள். கொழும்பு மத்தியான வெயில் கடுமைதான். தொப்பி, நீளக் கை சேட், பன்னிரண்டு மணிக்கு நிழல் எல்லாம் சன்ஸ்கிரீனைவிட மலிவு.

அல்பினிசம் உள்ள பிள்ளைக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது. அந்தத் தோலில் மெலனின் காவல் இல்லை. சன்ஸ்கிரீன் அவர்களுக்கு அழகுச் சாமான் அல்ல, மருந்து. தோல் கிளினிக்கில் தொடர்ந்து காட்டவும் வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் அவர்களும் அப்படித்தான்.

வெள்ளையாக்கும் கிரீம் கேட்பவர்களுக்கு: லேபல் இல்லாத டப்பாக்களில் ஸ்டெரொயிட்டும் பாதரசமும் கலந்து விற்கிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டெரொயிட் பூசிய திட்டு கொஞ்ச நாள் அடங்கின மாதிரி நடித்து டொக்டரின் கண்ணை ஏமாற்றும்.

அந்த அண்ணன் என்ன ஆனார்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். குதிகாலை வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அரையில் இருந்த நெறியையும் எடுத்தார்கள். இரண்டரை வருடம் போய்விட்டது, இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மகரகம. ஆனால் ஒட்டிய குதிகாலில் 50 கிலோ மூட்டையை வைத்து நடக்க முடியாது. இப்போது ஐந்து லாம்புச் சந்திப் பக்கம் லொத்தர் சீட்டு விற்கிறார். வருமானம் முந்தியதில் பாதிகூட வராது. மூத்த பையன் படிப்பை விட்டுவிட்டு ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். ஆஸ்பத்திரி பில் பூச்சியம்தான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, கடை பூட்டும் நேரம், தன்னோடு முன்பு வேலை செய்த ஒரு பையனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இவன் காலக் கொஞ்சம் பாருங்க." பையனுக்கு வெட்கம், கால் அழுக்கு என்கிறான். ஸ்டூலில் இருத்தி, போன் லைட்டை அடித்து இருவரும் குனிந்து பார்த்தோம். மஞ்சளாகத் தடித்த ஒரு சின்ன வட்டம். கறுப்பு இல்லை, கசிவு இல்லை. ஆணிதான். பிளாஸ்டர் கொடுத்தேன். காசை அண்ணன்தான் கொடுத்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை.